ஜப்பானில் புதிதாகக் குடியேறுபவருக்கு: முகவரியிலிருந்து தொடங்குங்கள்

ஜப்பானில் கைப்பேசி இணைப்பு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, குழந்தையின் பள்ளிச் சேர்க்கை, குப்பை எடுக்கும் நாள் ஆகிய அனைத்தும் ஒருவருடைய முகவரியைப் பற்றிக்கொண்டே வருகின்றன. ஆகவே வந்திறங்கிய முதல் இரண்டு வாரங்களை ஊர் சுற்றுவதற்கு ஒதுக்காமல், தாம் குடியிருக்கும் வட்டாரத்தில் முறையாகப் பதிந்துகொள்வதற்கு ஒதுக்குமாறு புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது வழக்கம்.

மூன்று மாதங்களுக்கு மேல் தங்கும் விசாவோடு நரித்தா, ஹனேதா, கான்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்குபவர்களுக்கு, 'ஸாய்ரியூ கார்டு' எனப்படும் வசிப்பிட அட்டையைக் குடியேற்ற அதிகாரிகள் அங்கேயே தந்துவிடுவார்கள். அதன் பின்புறத்தில் முகவரிக்கான இடம் வெறுமையாக இருக்கும். வீடு முடிவாகிக் குடிபுகுந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அந்த அட்டையையும் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார அலுவலகத்துக்குச் (தோக்கியோவின் சிறப்பு வட்டாரங்களில் 'குயாகுஷோ', பிற நகரங்களில் பெரும்பாலும் 'ஷியாகுஷோ') சென்று, குடிவந்ததைத் தெரிவிக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். அவர்கள் முகவரியை அட்டையில் பதித்துத் தருவார்கள். 16 வயது நிறைந்தவர்கள் இந்த அட்டையை வெளியே செல்லும்போதெல்லாம் உடன் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம் என்பதால், கடைக்குப் போகிற ஐந்து நிமிடத்துக்குக்கூட வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். அதே நாளில் 'ஜூமின்ஹ்யோ' எனும் வசிப்பிடச் சான்றிதழில் இரண்டு பிரதிகள் வாங்கி வைத்துக்கொண்டால் பின்னர் அலைச்சல் குறையும். வீடு திரும்பியதும் அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். 'மை நம்பர்' எனப்படும் 12 இலக்கத் தனிநபர் அடையாள எண்ணின் அறிவிப்பு முதல் வங்கி அட்டை வரை எல்லாம் அஞ்சலில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் அவை அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடக்கூடும்.

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரோ அதன் முதலெழுத்தோதான் உண்டு. வசிப்பிட அட்டையில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் அச்சாகும். ஆனால் வங்கிப் படிவங்களும் இணையப் பதிவுகளும் குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி, இரண்டையும் வெளிநாட்டுப் பெயர்களை எழுதப் பயன்படும் 'கதகானா' எழுத்தில் நிரப்பச் சொல்லும். ஜப்பானிய மொழியில் ரகரத்துக்கும் லகரத்துக்கும் வேறுபாடு இல்லை, ழகரம் அறவே இல்லை. எனவே 'தமிழ்ச்செல்வன்' என்ற பெயரை அலுவலகம் ஒரு விதமாகவும் வங்கி வேறு விதமாகவும் எழுதிவிட்டால் சம்பளம் கணக்கில் சேராமல் திரும்பிவிடும். முதல் நாளே ஜப்பானியர் ஒருவரிடம் உங்கள் பெயரைச் சொல்லிக் காட்டி, அதற்கான கதகானா வடிவத்தை முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டு, எந்தப் படிவத்திலும் அதையே மாற்றாமல் எழுதுங்கள்.

பணம் தொடர்பாக மூன்று செய்திகளை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. முதலாவது மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் நிறுவனத்தின் வழியாகவும், மாணவர்களும் மற்றவர்களும் வட்டார அலுவலகத்தில் தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர வேண்டும். சேர்ந்தபின் மருத்துவச் செலவில் பொதுவாக 30 சதவீதம் மட்டும் நம்முடைய பொறுப்பு. காய்ச்சல், வயிற்றுவலி போன்றவற்றுக்கு அருகிலுள்ள சிறு மருத்துவமனைக்கே செல்லுங்கள். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பெரிய மருத்துவமனைக்கு நேரே சென்றால் பல இடங்களில் 7,000 யென்னோ அதற்கு மேலோ தனிக் கட்டணம் கேட்பார்கள். இரண்டாவது குடியிருப்பு வரி. அது முந்தைய ஆண்டின் வருமானத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டு ஜூன் மாதம் தொடங்கிப் பிடிக்கப்படுவதால், முதல் ஆண்டில் கைக்கு வந்த சம்பளம் அடுத்த ஆண்டில் திடீரெனக் குறையும். வருமானத்தில் ஏறத்தாழ 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டு முதல் ஆண்டிலேயே சேமித்து வையுங்கள். மூன்றாவது ஓய்வூதியம். நாடு திரும்பிய பின் இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால் கட்டிய தொகையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். எனினும் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் முதல் நடைமுறையில் இருப்பதால், இரு நாட்டுப் பணிக்காலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வழி இந்தியர்களுக்கு உண்டு. பணத்தைத் திரும்பப் பெற்றுவிட்டால் அந்தக் காலம் கணக்கிலிருந்து நீங்கிவிடும் என்பதை நினைவில் கொண்டு முடிவெடுங்கள்.

வீடு தேடும்போது வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முன்பணமான 'ஷிகிகின்', வீட்டுக்காரருக்கு நன்றியாகக் கொடுத்துத் திரும்பப் பெறாத 'ரெய்கின்', தரகு, பிணை நிற்கும் நிறுவனத்துக்கான கட்டணம், தீக்காப்பீடு ஆகியவை சேர்ந்து நான்கைந்து மாத வாடகை அளவுக்குத் தொடக்கச் செலவு வந்துவிடும். அறையின் அளவை 'ஜோ' என்று, அதாவது தாதாமிப் பாய்களின் எண்ணிக்கையில் சொல்வார்கள்; வீட்டு விளம்பரங்களில் ஒரு ஜோ என்பது குறைந்தது 1.62 சதுர மீட்டர். யு.ஆர். எனப்படும் பொதுத்துறைக் குடியிருப்புகளில் இரண்டு மாத முன்பணம் போதும். ரெய்கினும் தரகும் பிணையும் இல்லை. தோக்கியோவின் எதொகாவா வட்டாரத்தில் உள்ள நிஷி-கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் பெருகியதற்கு அத்தகைய குடியிருப்புகளும் ஒரு காரணம். குடிபுகும் நாளில், பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே சுவரிலும் தரையிலும் உள்ள கீறல்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டால், காலி செய்யும்போது முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பது என்ற பேச்சில் அது துணை நிற்கும். எரிவாயு இணைப்பைத் திறக்கும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் அதற்கான நேரத்தை முன்னதாகவே பதிவு செய்யுங்கள்.

இனி குப்பை. ஒரு புதியவரை அக்கம்பக்கத்தார் எடைபோடும் முதல் இடம் அதுதான் என்பது என் அனுபவம். எரியும் குப்பை, எரியாத குப்பை, மறுசுழற்சிப் பொருள் என்று வகைக்கொரு கிழமை உண்டு. வகைகளும் கிழமைகளும் பைகளும் ஊருக்கு ஊர் மாறும். நெகிழிப் புட்டியைக் கழுவி, மூடியையும் மேலுறையையும் நீக்கித் தனியாக வைக்க வேண்டும். முந்தைய இரவே வெளியே வைத்தால் காகங்கள் கிழித்துத் தெருவில் பரப்பிவிடும். காலையில், பெரும்பாலான ஊர்களில் 8 மணிக்குள், குப்பைமேல் போர்த்தும் வலைக்கு அடியில் வைப்பதே முறை. மெத்தை, மேசை போன்றவற்றுக்கு வட்டார அலுவலகத்தில் முன்பதிவு செய்து, கடையில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும். நான் குடியேறிய முதல் மாதத்தில், தவறான கிழமையில் வைத்த என் பையில் மட்டும் ஒரு சீட்டை ஒட்டி விட்டுச் சென்றிருந்தார்கள். எதிர்வீட்டு மூதாட்டி அந்தச் சீட்டை எனக்குப் படித்துக் காட்டி, குப்பை அட்டவணையில் கிழமைகளை வண்ணப் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தார். அந்த அட்டவணை இன்றும் என் குளிர்பெட்டியின் கதவில் இருக்கிறது.

அண்டை வீட்டாரைத் தேடிச் சென்று பார்ப்பது உங்கள் பொறுப்பு என்பதை அந்த மூதாட்டியிடம்தான் கற்றேன். குடிவந்த சில நாட்களுக்குள் இரு பக்கத்து வீடுகளுக்கும், அடுக்ககமானால் மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும், ஒரு சிறு கைத்துண்டோ இனிப்புப் பொட்டலமோ எடுத்துச் சென்று பெயரைச் சொல்லி வணங்கிவிட்டு வாருங்கள். குழந்தை இருந்தால் ஓடும் சத்தம் கேட்கக்கூடும் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது பின்னால் வரக்கூடிய மனத்தாங்கலைத் தவிர்க்கும். நிலநடுக்கம் வரும் நாளில் உங்கள் கதவைத் தட்டப்போகிறவர்களும் இவர்களே. வட்டார அலுவலகத்தில் தரும் பேரிடர் வரைபடத்தில் உங்கள் வீட்டுக்குரிய தஞ்ச இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மாலை குடும்பத்தோடு அங்கே நடந்து சென்று பாருங்கள். தண்ணீர், கைவிளக்கு, மருந்து, சில்லறைப் பணம் ஆகியவற்றை ஒரு பையில் கட்டி வாசலருகே வையுங்கள். காவல்துறைக்கு 110, தீயணைப்புக்கும் அவசர ஊர்திக்கும் 119 என்பதை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

மொழியைக் கண்டு அஞ்ச வேண்டாம். 'ஹிராகானா', 'கதகானா' இரண்டிலும் அடிப்படை எழுத்துகள் 46 வீதம்தான். ஒரு மாதத்தில் படித்துவிடலாம். வினைச்சொல் கடைசியில் வருவதும் வேற்றுமைச் சொற்கள் பெயரின் பின்னால் ஒட்டுவதும் நமக்குப் பழக்கமானவை. 'தபெதெ மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்' என்பதன் அதே அமைப்பு. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்லும் 'இத்தெ கிமஸு' என்பதும் சொல்லுக்குச் சொல் 'போய் வருகிறேன்' என்பதே. ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்க்காமல் தமிழில் யோசித்து நேராகப் பேசினால் வாக்கியம் தானாக அமைவதைக் காண்பீர்கள். பல வட்டாரங்களில் தன்னார்வலர்கள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ மாலை வகுப்புகள் நடத்துகிறார்கள். வட்டார அலுவலகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். சைவ உணவினர் முதலில் கற்க வேண்டிய சொல் 'தஷி'. காய்கறிச் சூப்பிலும் நூடுல்ஸ் சாற்றிலும் பெரும்பாலும் மீனிலிருந்து எடுத்த இந்தச் சாறு கலந்திருக்கும் என்பதால், இறைச்சி உண்டா என்று மட்டும் கேட்டால் சரியான விடை கிடைக்காது.

இவ்வளவும் ஒழுங்குக்கு வந்தபின் ஊர் சுற்றலாம். வெளிநாட்டுப் பயணிகள் வாங்கும் ஜப்பான் ரயில் பாஸ் இங்கே வசிப்பவர்களுக்குக் கிடையாது. பள்ளி விடுமுறைக் காலங்களில் விற்கும் 'செய்ஷுன் 18' சீட்டை எந்த வயதினரும் வாங்கி, சாதாரண ரயில்களில் தொடர்ந்து 3 அல்லது 5 நாட்கள் பயணம் செய்யலாம். ஏப்ரல் இறுதி முதல் மே தொடக்கம் வரையிலும், ஆகஸ்ட் நடுவிலும், புத்தாண்டிலும் நாடே பயணத்தில் இருக்கும் என்பதால் அந்நாட்களில் உள்ளூரில் இருப்பதே நிம்மதி. அருகில் மிதிவண்டியில் போகத்தக்க இடங்களே ஏராளம். மிதிவண்டி வாங்கும்போது திருட்டுத் தடுப்புப் பதிவை மறக்காதீர்கள், அது கட்டாயம்.

தோக்கியோவில் இருப்பவர்களுக்கு என்னுடைய பரிந்துரை இரண்டு இடங்கள். உஎனோ பூங்காவின் ஷினோபஸு குளத்து நடுவே உள்ள கோயிலில் பென்ஸாய்தென் என்ற பெயரில் இருப்பவர் நம் சரஸ்வதி. அசகுசாவில் சுமிதா ஆற்றோரமாக ஒரு சிறு குன்றின் மேல் மட்சுசியாமா ஷோதென் என்ற கோயில் இருக்கிறது. அங்கே காங்கிதென் என்று வழிபடப்படுபவர் பிள்ளையாரிலிருந்து வந்த தெய்வம். திருவுருவம் மறைத்தே வைக்கப்பட்டிருக்கும், படைக்கும் பொருள் முள்ளங்கி. ஆண்டுதோறும் ஜனவரி 7-ஆம் நாள் அங்கே நடக்கும் முள்ளங்கித் திருவிழாவில், படைத்த முள்ளங்கியை வேகவைத்து வந்தவர்களுக்கெல்லாம் சுடச்சுடத் தருவார்கள். கம்பளிச் சட்டை அணிந்து காலையிலேயே சென்று வரிசையில் நில்லுங்கள்.