கேள்வித்தாள் சொல்லும் 18 சதவீதம்: மனச்சோர்வின் நோய்ச்சுமையைக் கணக்கிடும் முறை

மருத்துவமனைப் பதிவேட்டை வைத்து மனச்சோர்வின் சுமையை அளக்க முடியாது. சிகிச்சைக்கே வராதவர்கள் ஏராளம். வீடு வீடாகக் கணக்கெடுக்கத்தான் வேண்டும்.

பரவல் (மக்களில் நோயுள்ளவர்களின் விகிதம்) 5% இருக்கலாம், பிழை 1% கூடக்குறைய இருக்கலாம் என்றால் 1,825 பேர் தேவை. ஒரே தெருவில் பலர் என்று கொத்துக் கொத்தாகத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பதால், அதை 1.5-ஆல் பெருக்குங்கள். ஐந்தில் ஒருவர் பதில் தரமாட்டார் என்று கொண்டால் சுமார் 3,420 பேர். பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைச் சேர்க்கக் கூடாது. திரும்பப் போய்ப் பாருங்கள்.

பலர் சறுக்குவது அடுத்த கட்டத்தில். மனச்சோர்வு அறிகுறிகளை ஒன்பது கேள்விகளில் கேட்டு 27-க்கு மதிப்பெண் தரும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளில் 10 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் 18% என்று வந்தால், அதையே பரவல் என்று எழுதிவிடுகிறார்கள். தூக்கம், பசி, அசதி பற்றிய கேள்விகளுக்கு ரத்தசோகை உள்ளவரும் இரவுப்பணி பார்ப்பவரும்கூட மதிப்பெண் வாங்குவார்கள். நோயுள்ளவர்களில் 88% பேரை இது பிடிக்கிறது, இல்லாதவர்களில் 85% பேரைச் சரியாக விலக்குகிறது என்று கொண்டால், திருத்தம் இப்படி:

(0.18 + 0.85 − 1) ÷ (0.88 + 0.85 − 1) = 0.041

அதாவது 4.1%. சரிபார்க்க: 1,000 பேரில் நோயுள்ள 41 பேரில் 36 பேர் சிக்குவார்கள், இல்லாத 959 பேரில் 144 பேர் தவறாகச் சிக்குவார்கள், கூட்டினால் 180. விடை எதிர்மறையாக வந்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட 85% உங்கள் மக்களுக்குப் பொருந்தவில்லை. ஒரு பகுதியினரிடமாவது முழு மருத்துவ நேர்காணல் நடத்தி அந்த எண்ணை நீங்களே கண்டுபிடிப்பது நல்லது.

இனி சுமை. உலக நோய்ச்சுமை ஆய்வு தரும் இயலாமை எடைகள் (0 என்றால் முழு நலம், 1 என்றால் மரணத்துக்குச் சமம்): லேசானதற்கு 0.145, மிதமானதற்கு 0.396, கடுமையானதற்கு 0.658. ஒரு லட்சம் பேரில் 4,000 பேருக்கு நோய், அதில் 2,400 லேசு, 1,000 மிதம், 600 கடுமை என்று வையுங்கள். ஒவ்வொரு எண்ணையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டினால் 348 + 396 + 395 = 1,139 இயலாமை ஆண்டுகள், அதாவது ஓராண்டில் நோயால் இழக்கும் நலமான ஆண்டுகள். கடுமையானவர்கள் 15% பேர்தான், ஆனால் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவர்களுடையது. எனவே லேசு, மிதம், கடுமை என்று பிரிப்பதில் தவறினால் மொத்தமும் தவறும்.

இந்தக் கணக்கில் வர வேண்டியது அந்த நேரத்துப் பரவல், அதாவது கணக்கெடுக்கும் நேரத்தில் நோயுள்ளவர்களின் விகிதம். 'கடந்த 12 மாதங்களில்' என்று கேட்டு எடுத்த எண்ணைப் போட்டால், குணமான மாதங்களும் நோயாகக் கணக்கில் ஏறும். வேறு நோயும் இருப்பவருக்கு எடைகளைக் கூட்டவும் கூடாது: லேசான மனச்சோர்வின் 0.145-உம் மற்ற நோயின் 0.2-உம் சேர்ந்தால் 1 − (0.855 × 0.8) = 0.316.

தற்கொலை மரணங்களை அந்த ஆய்வு தற்காயம் என்ற தனித் தலைப்பில் வைக்கிறது. ஆகவே உங்கள் அட்டவணையின் அடியில், இது உயிரிழப்பைச் சேர்க்காத எண் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.