சிறப்புக் கலைஞருடன் முதல் ஜாஸ் மேடை: கல்லூரி இசைக்குழுவுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சேலத்தில் ஒரு கல்லூரி இசைக்குழுவுக்கு ஜாஸ் பயிற்சி அளித்து வருகிறேன். முழு அளவு பிக் பேண்டு என்றால் சாக்ஸபோன் 5, ட்ரம்பெட் 4, டிராம்போன் 4, அவற்றோடு பியானோ, கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் என வழக்கமாக 17 பேர் இருப்பார்கள். எங்களிடம் இருப்பவர்கள் 7 பேர்தான். ட்ரம்பெட் வாசிக்கும் மாணவர் கல்யாண ஊர்வல பேண்டு செட்டில் ஊதிப் பழகியவர், கீபோர்டு வாசிக்கும் மாணவி தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து வந்தவர். வெளியூரிலிருந்து ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ஒருவரை அழைத்து ஏற்காட்டில் திறந்தவெளி மேடையில் வாசித்தபோது, விருந்தினர் எத்தனை பெரிய வித்வானாக இருந்தாலும் அவருடைய சோலோ (தனி வாசிப்பு) எடுபடுவது உடன் வாசிப்பவர்களின் கையில்தான் இருக்கிறது என்பதை நாங்கள் நேரில் உணர்ந்தோம். இந்த விளக்கமும் அதைப் பற்றியதுதான்.

முதல் படி: பாட்டின் கட்டமைப்பை மனப்பாடம் செய்யுங்கள்

தொடக்கத்துக்கு 12 பார் (தாளப் பகுதி) கொண்ட ப்ளூஸ் வடிவம் போதும். ஒரு பாருக்கு 4 அடிகள் வீதம் ஒரு சுற்றுக்கு 48 அடிகள். நிமிடத்துக்கு 120 அடிகள் என்ற வேகத்தில் ஒரு சுற்று 24 வினாடிகளில் முடிந்துவிடும். தாள ஆவர்த்தனம் போல இந்தச் சுற்று திரும்பத் திரும்ப வரும்: முதலில் எல்லாரும் மெட்டை வாசிக்க வேண்டும், பிறகு அதே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசையின் மேல் சோலோக்கள், கடைசியில் மீண்டும் மெட்டு. பி ஃப்ளாட் ப்ளூஸின் எளிய வடிவத்தில் முதல் 4 பார்கள் பி ஃப்ளாட் 7 என்ற கார்டு, அடுத்த 2 பார்கள் ஈ ஃப்ளாட் 7, மீண்டும் 2 பார்கள் பி ஃப்ளாட் 7, பிறகு எஃப் 7 ஒரு பார், ஈ ஃப்ளாட் 7 ஒரு பார், கடைசி 2 பார்கள் பி ஃப்ளாட் 7. இசைக்குறிப்புத் தாளைப் பார்க்காமல், இப்போது எத்தனையாவது பாரில் இருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல முடிகிற வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: விருந்தினரின் கருவிக்கு ஏற்ற தாளைக் கொடுங்கள்

ட்ரம்பெட்டும் டெனர் சாக்ஸபோனும் பி ஃப்ளாட் கருவிகள். ஆல்டோ சாக்ஸபோன் ஈ ஃப்ளாட் கருவி. அதாவது, ஆல்டோவில் சி என்று எழுதியிருப்பதை வாசித்தால் காதில் விழுவது ஈ ஃப்ளாட். முதல் ஒத்திகையில் நான் கவனக்குறைவாகக் கீபோர்டுக்கு எழுதிய தாளையே விருந்தினரிடம் கொடுத்துவிட்டேன். குழு பி ஃப்ளாட்டில் தொடங்க, அவருடைய சாக்ஸபோன் டி ஃப்ளாட்டில் ஒலித்தது. அவர் இரண்டாவது பாரிலேயே கருவியை இறக்கிவிட்டு, "சார், இது கீபோர்டு தாள் போலிருக்கே" என்று பொறுமையாகச் சொன்னார். குழு பி ஃப்ளாட்டில் வாசிக்கும்போது ஆல்டோவுக்கு ஜி, ட்ரம்பெட்டுக்கும் டெனருக்கும் சி என்று எழுதித் தர வேண்டும்.

மூன்றாம் படி: சோலோவுக்குக் கீழே இடம் விட்டு வாசியுங்கள்

அதிக நாள் செலவிட வேண்டிய படி இதுதான். பேஸ் அடிச்சுரத்தைப் பார்த்துக்கொள்வதால் கீபோர்டின் இடது கைக்கு அந்த வேலை தேவையில்லை. கார்டின் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் போதும். பி ஃப்ளாட் 7-க்கு டி, ஏ ஃப்ளாட் என்ற இரண்டு கட்டைகள். அங்கிருந்து ஈ ஃப்ளாட் 7-க்குப் போகும்போது டி அரைச்சுரம் இறங்கி டி ஃப்ளாட் ஆகிறது, ஏ ஃப்ளாட் அரைச்சுரம் இறங்கி ஜி ஆகிறது. விரல்கள் கட்டை மேல் சற்றே நகர்கின்றன. ஆனால் பாட்டின் நிறமே மாறிவிடுகிறது. எங்கள் மாணவி இதைக் கண்டுகொண்ட அன்று, வேறெதையும் வாசிக்காமல் அரைமணி நேரம் இந்த இரண்டு அசைவுகளையே வாசித்துக்கொண்டிருந்தார்.

கீபோர்டும் கிட்டாரும் ஒரே நேரத்தில் கார்டு வாசித்தால் நெரிசலாகிவிடும். ஒரு சுற்றுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ட்ரம்ஸ் வாசிப்பவர் ரைடு சிம்பலில் (பெரிய உலோகத் தட்டில்) நடையைப் பிடித்து, ஹை-ஹாட்டை (காலால் மூடும் இரட்டைத் தட்டை) 2, 4 ஆகிய அடிகளில் மூடினால் போதும். கர்நாடக சங்கீதம் கற்ற மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கல்பனாஸ்வரத்தில் பாடகர் பாடியதை வயலின் தொடர்ந்து வாசிப்பது அழகு, இங்கே சோலோ வாசிப்பவரின் ஒவ்வொரு சொற்கட்டையும் அப்படித் திருப்பி வாசிக்கத் தேவையில்லை. அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு கார்டுகளால் பதில் சொல்லிவிட்டு விலகிவிடுங்கள்.

நான்காம் படி: சைகைகள்

விருந்தினர் தன் தலையைத் தட்டினால் மெட்டுக்குத் திரும்ப வேண்டும். நான்கு விரல்களைக் காட்டினால், 4 பார்கள் அவரும் 4 பார்கள் ட்ரம்ஸுமாக மாறி மாறி வாசிக்க வேண்டும். இவற்றை ஒத்திகையிலேயே அவரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மலை மேல் சுருதி சேர்த்தல்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்து வெயிலில் சேர்த்த சுருதி, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மாலைக் குளிருக்குப் போனதும் நிற்காது. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவதால் காற்றுக் கருவிகளின் சுருதி இறங்குகிறது. கிட்டார் கம்பியோ குளிரில் சுருங்குவதால் சுருதி ஏறுகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகுவதால், மாறாத கீபோர்டின் ஏ 440-ஐயே (வினாடிக்கு 440 அதிர்வுகள் கொண்ட ஏ சுரத்தையே) எல்லாரும் ஆதாரமாகக் கொள்ளுங்கள். சாக்ஸபோனுக்குள்ளும் ட்ரம்பெட்டுக்குள்ளும் சில நிமிடங்கள் வெதுவெதுப்பான மூச்சை ஊதிய பிறகே சுருதி பாருங்கள். அப்போதும் இறங்கியிருந்தால் சாக்ஸபோனின் மவுத்பீஸை இன்னும் சற்று உள்ளே தள்ளுங்கள். ட்ரம்பெட்டில் டியூனிங் ஸ்லைடை உள்ளே தள்ளுங்கள்.

ஆறாம் படி: முடிவை மட்டும் தனியே பத்து முறை

கடைசி மெட்டின் இறுதி 4 பார்களை மூன்று முறை வாசித்து முடிப்பது ஜாஸில் பழகிய வழக்கம். மூன்றாம் முறை எல்லாருடைய கண்களும் விருந்தினர் மேல் இருக்க வேண்டும். அவர் கடைசிச் சுரத்தை எவ்வளவு நேரம் நீட்டினாலும் நீங்களும் கார்டைப் பிடித்துக்கொண்டே இருங்கள்; சாக்ஸபோனை அவர் சற்றுக் கீழே இறக்கும் அந்தக் கணத்தில் ட்ரம்ஸ் ஒரே அடியில் முடிக்கட்டும்.