லாச்சப்பலிலிருந்து நோத்ர்தாம் வரை: பரிஸில் புதிதாகக் குடியேறியவர்களுக்கான நடை வழிகாட்டி

நான் பரிஸுக்கு வந்த முதல் ஆறு மாதங்களும், நகரின் நடுவிலுள்ள சாத்லே என்பது, தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலிலிருந்து வெகு தொலைவிலுள்ள இடம் என்றே நம்பியிருந்தேன். வேலைநிறுத்தத்தால் மெற்றோ ஓடாத ஒரு மாலையில், வேறு வழியின்றி அங்கிருந்து வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கியபோது, முக்கால் மணி நேரத்தில் நம்மவர் கடைகளின் பெயர்ப்பலகைகள் கண்ணில் பட்டன. தூரம் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர்தான். சுரங்கப் பாதையில் ஏறி இறங்கிப் பழகியவருக்கு நகரத்தின் அளவே தெரியாமற்போகிறது. 105 சதுர கிலோமீற்றர் பரப்பளவே கொண்ட பரிஸை, நல்ல சப்பாத்து ஒன்று இருந்தால், பெரும்பாலும் காலாலேயே அளந்துவிடலாம்.

புறப்படுமுன் இரண்டு விடயங்களை அறிந்திருந்தால், கைபேசி வரைபடத்தை அடிக்கடி பார்க்கத் தேவையில்லை. நகரின் 20 வட்டாரங்களும் லூவ்ர் அருங்காட்சியகப் பகுதியில் தொடங்கி நத்தை ஓட்டைப்போலச் சுருண்டு வெளியே விரிகின்றன. அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் வட்டார எண்ணைக் குறிப்பதால், 75010 என்றால் 10ஆம் வட்டாரம். மற்றது, 1805ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள வீட்டு இலக்க முறை. செய்ன் நதிக்குக் குறுக்காகச் செல்லும் தெருக்களில் இலக்கங்கள் நதிப்பக்கத்திலிருந்து தொடங்குகின்றன. நதிக்கு இணையாகச் செல்லும் தெருக்களில் நீரோட்டத்தின் திசையிலேயே ஏறிச் செல்கின்றன. ஆகவே குறுக்குத் தெருவொன்றில் இலக்கங்கள் குறைந்துகொண்டு போனால், நீங்கள் நதியை நோக்கித்தான் நடக்கிறீர்கள். வழி தவறிய இரவுகளில் இந்த ஒரு விதி எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

முதல் நடைக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது, நாம் மரக்கறி வாங்கப் போகும் அதே போபூர் சென்தெனி தெருவைத்தான். லாச்சப்பல் மெற்றோ நிலையத்தின் அருகிலிருந்து தெற்கே இறங்கும் இத்தெருவைப் பலர் நம் கடைத்தெருவாக மட்டுமே அறிவர். உண்மையில் இது சென்தெனி பேராலயத்துக்குச் செல்லும் பழைய அரச வீதி. பிரான்ஸின் மன்னர்கள் இறந்த பின் அடக்கம் செய்வதற்காக இவ்வழியாகவே கொண்டு செல்லப்பட்டனர். லாச்சப்பலும் அன்று நகருக்கு வெளியேயிருந்த ஒரு கிராமம். 1860இல்தான் அது பரிஸோடு இணைக்கப்பட்டது. (சித்தே தீவிலுள்ள சென்த் சப்பல் என்னும் தேவாலயம் வேறு. அதைத் தேடி நம் லாச்சப்பலுக்கு வந்து சேர்ந்த உறவினர்களை நான் கண்டிருக்கிறேன்.)

இரண்டு றோல்ஸும் ஒரு வடையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்குங்கள். நகரின் நடுவே இந்த விலைக்கு இவ்வளவு வயிறு நிறையாது. வலப்புறத்தில் கார் து நோர் தொடருந்து நிலையம் வரும். அதன் முகப்பைப் பார்க்கச் சிறிது விலகித் திரும்ப வேண்டும். உச்சியில் நிற்கும் சிலைகள் ஒவ்வொன்றும் ஒரு நகரத்தைக் குறிப்பவை. மஜெந்தா பெருவீதியைக் கடக்குமிடத்தில், 1866இல் இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டப்பட்ட சென் கந்தேன் சந்தை இருக்கிறது. அதற்குக் கீழே 107ஆம் இலக்கத்தில் முன்பு சென் லசார் என்னும் துறவியர் இல்லம் இருந்தது. பாஸ்தி கோட்டை வீழ்ந்ததற்கு முதல்நாள், 1789 யூலை 13 அன்று, தானியம் தேடி வந்த மக்கள் இதைச் சூறையாடினர். பிற்காலத்தில் அது சிறைச்சாலையாயிற்று. மேலும் கீழே போனால் இடப்பக்கம் 46ஆம் இலக்கத்தில் பிராடி கூரைச்சந்து. 1828இல் அமைக்கப்பட்ட இக்கண்ணாடிக் கூரையின் கீழ் இன்று தென்னாசிய உணவகங்கள் வரிசையாக உள்ளன. மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்குவதற்கு ஏற்ற இடம். ஆனால் வாசலில் நின்று கையைப் பிடித்து அழைப்பவர்களிடம் விலையைக் கேட்காமல் உட்கார வேண்டாம்.

தெரு முடியுமிடத்தில் 1672இல் பதினான்காம் லூயி எழுப்பிய சென்தெனி வாயில் எதிரே நிற்கிறது. அம்மன்னர் நகரின் மதில்களை இடித்துவிட்டு, அவை இருந்த இடத்தில் மரங்கள் நிறைந்த அகன்ற வீதிகளை அமைத்தார். மதிலின் வாயிலுக்குப் பதிலாக இந்த வெற்றி வளைவு வந்தது. தெருப்பெயரிலுள்ள ‘போபூர்’ என்னும் சொல் மதிலுக்கு வெளியேயிருந்த புறநகரைக் குறிப்பதால், வளைவைத் தாண்டியதும் அச்சொல் உதிர்ந்து, தெரு வெறும் சென்தெனி ஆகிவிடுகிறது. பெயர்ப்பலகையைப் பார்த்தே நகர எல்லையைக் கடந்ததை உணரக்கூடிய இந்த இடம், எனக்கு ஐபல் கோபுரத்தைவிடப் பிடித்தமானது. சென்தெனி தெருவின் மேற்பகுதியில் பாலியல் தொழில் நடைபெறுவதால், பிள்ளைகளோடு செல்பவர்கள் ஒரு தெரு தள்ளி, இணையாக இறங்கும் செபஸ்தப்போல் பெருவீதியில் நடக்கலாம். இரண்டுமே சாத்லேக்கும் நதிக்கும் கொண்டு சேர்க்கும்.

பாலத்தைக் கடந்தால் சித்தே தீவு. 1163இல் கட்டத் தொடங்கப்பட்டு, 2019 ஏப்ரல் 15ஆம் திகதி தீயில் சிதைந்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர்தாம் பேராலயத்துக்குள் செல்வதற்குக் கட்டணம் இல்லை. முற்பதிவும் இலவசம், முற்பதிவின்றி வரிசையில் நின்றும் செல்லலாம். பேராலயத்துக்குள் நுழைவதற்கென்று எவராவது பணம் கேட்டால் அது ஏமாற்று. கோபுரத்துக்கும் பொக்கிஷ அறைக்கும் மட்டுமே கட்டணம் உண்டு.

கால் ஓய்ந்தால் அருகிலுள்ள மாரே பகுதியின் கார்னவாலே அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். பரிஸின் வரலாற்றைச் சொல்லும் அதன் நிரந்தரக் காட்சியும், மாநகர சபைக்குரிய பெத்தி பலே போன்ற பிறவற்றின் நிரந்தரக் காட்சிகளும் இலவசம், திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். லூவ்ர், யூலை, ஓகஸ்ட் தவிர்ந்த மாதங்களின் முதல் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குப் பின்னர் இலவசம். ஓர்சே, கிமே அருங்காட்சியகங்கள் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். கிமேயில் தமிழ்நாட்டுச் சோழர்கால நடராசர் இருக்கிறார், பார்க்காமல் விடாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு லூவ்ரும் ஓர்சேயும் எப்போதும் இலவசம். 18 முதல் 25 வயது வரையானவர்களுக்கு இச்சலுகை கடவுச்சீட்டைப் பொறுத்ததன்று. இங்கே சட்டபூர்வமாக வசிப்பதைக் காட்டும் வதிவிட அட்டை போதும். வேலை தேடுவோராகப் பதிந்தவர்களும் அண்மைய சான்றிதழைக் காட்டிக் கட்டணமின்றிச் செல்லலாம். நம்மவர்களிற் பலர் இதை அறியாமல் பணம் கட்டுகின்றனர்.

தண்ணீர்ப் போத்தல் வாங்க வேண்டியதில்லை. நான்கு பெண்ணுருவங்கள் குவிமாடத்தைத் தாங்கி நிற்கும் பச்சை நிற இரும்பு ஊற்றுகள், 1870–71 போர் முற்றுகைக்குப் பின் தண்ணீருக்கு மக்கள் பட்ட துன்பத்தைக் கண்டு, றிச்சர்ட் வாலஸ் என்னும் ஆங்கிலேயர் 1872இல் வழங்கியவை. அவற்றின் நீர் குடிக்க உகந்தது. கடுங்குளிர் காலத்தில் மட்டும் நிறுத்தப்படும். தெருவோரத் தானியங்கிக் கழிப்பறைகளும் 2006 முதல் இலவசம். கோப்பி குடிப்பதானால் மேசையில் உட்காராமல் கவுண்டரில் நின்று குடியுங்கள், விலை குறைவு. உணவகத்தில் சாப்பிடும்போது ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய் நீரைக் காசின்றித் தருவார்கள். எங்கே நுழைந்தாலும், வழி கேட்டாலும், முதலில் ‘பொன்ஜூர்’. அதைச் சொல்லாமல் தொடங்கும் கேள்விக்கு நல்ல பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

வதிவிட அட்டையையோ விண்ணப்பத்துக்கான பற்றுச்சீட்டையோ எப்போதும் உடன் வைத்திருங்கள்; கார் து நோர் சுற்றாடலில் பொலிஸார் ஆவணங்களைப் பரிசோதிப்பது சாதாரணம். கைபேசியைப் பின் சட்டைப்பையில் வைக்காதீர்கள். மொன்மார்த்ர் படிக்கட்டுகளில் கையில் நூல் கட்ட வருபவர்களிடமும், கையொப்பம் கேட்டு அட்டையை நீட்டுபவர்களிடமும் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

2025 ஜனவரியில் மெற்றோவின் தனிப் பயணச்சீட்டு 2.50 யூரோவாகவும் பேருந்தினது 2 யூரோவாகவும் நிர்ணயிக்கப்பட்டன. கட்டணம் ஆண்டுதோறும் சற்று ஏறுகிறது. இருவர் மெற்றோவில் போய்வரக் குறைந்தது 10 யூரோ ஆகும் என்று கணக்கிட்டால், போகும்போது நடந்து, திரும்பும்போது பேருந்தில் வருவது நல்ல ஏற்பாடு. சாத்லேயிலிருந்து 38ஆம் இலக்கப் பேருந்து கார் து நோர் வழியாக லாச்சப்பல் பக்கம் செல்கிறது. யன்னலோரம் இடம் கிடைத்தால், நடந்து வந்த பகுதிகளிற் சில மறுபடியும் கண்ணில் படும்.