அணு உலைக்கு அருகே குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய்: ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் சீஸ்கேல் என்று ஒரு சிற்றூர். அதிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி செல்லாஃபீல்ட் அணு வளாகம். ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றிப் படம் எடுக்கப் போன யார்க்‌ஷயர் தொலைக்காட்சிக் குழு, ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி இருப்பதைக் கண்டது. அத்தனை சின்ன ஊரில் இத்தனை பிள்ளைகளுக்கு எப்படி லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வரும்? 1983 நவம்பர் 1 அன்று படம் ஒளிபரப்பானது. உடனே அரசு சர் டக்ளஸ் பிளாக் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. எதிர்பார்க்கும் அளவைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு நோய் அந்த ஊரில் இருந்தது உண்மைதான் என்று தெரிந்தது. ஆனால் கணக்கிட்ட கதிர்வீச்சு அளவு இதை விளக்கப் போதாது என்று 1984இல் அந்தக் குழு எழுதியது.

அதன் பிறகு நாற்பது ஆண்டுகளாக ஸ்காட்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று இதே கேள்வி சுற்றி வருகிறது. கூடங்குளம் விவாதங்களின்போது நம்மிடையேயும் இந்த ஆய்வுகளை எடுத்துப் போட்டுப் பலர் வாதாடினார்கள். அவரவருக்கு வேண்டிய வரியை மட்டும் உருவிக்கொண்டு வாதாடியதுதான் எனக்கு வருத்தம். நோயுற்ற குழந்தைகளின் பெயரால் நடக்கும் வாதத்தில் அந்த அவசரம் கூடாது. இந்த ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் நடந்த பிழைகளையும், அவற்றைப் படிப்பவர்கள் செய்யும் பிழைகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நோயாளிகளைப் பார்த்த பிறகு எல்லை போடுவது

ஆகப் பெரிய தவறு இதுதான். கட்டம் போட்ட தரையில் ஒரு பிடி கடுகை இறைத்துப் பாருங்கள். எல்லாக் கட்டத்திலும் சமமாக விழாது. சிலவற்றில் ஒன்றுகூட இருக்காது, எங்கோ ஒரு கட்டத்தில் ஆறேழு குவிந்து கிடக்கும். அரிய நோய்களும் ஆயிரக்கணக்கான ஊர்களில் இப்படித்தான் விழும். குவிந்த கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, 'இது தற்செயலாக நடக்க வாய்ப்பே இல்லை' என்று நிகழ்தகவு போட்டால் எண் எப்போதும் மிரட்டும்.

எல்லை என்பது தூரம் மட்டுமில்லை. ஐந்து கிலோமீட்டரா, பத்தா? ஐந்து வயதுக்குள்ளா, பதினைந்துக்குள்ளா, இருபத்தைந்துக்குள்ளா? லுகேமியா மட்டுமா, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயையும் சேர்ப்பதா? எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை? ஒவ்வொன்றையும் கொஞ்சம் நகர்த்தினாலே முடிவு பெருகும் அல்லது சுருங்கும். ஆகவே கணக்கைத் திறப்பதற்கு முன்பே இவற்றை எழுதி வைத்துவிட வேண்டும். அதைவிட முக்கியம், சந்தேகத்தைக் கிளப்பிய அதே குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்தே அந்தச் சந்தேகத்தை நிரூபிக்க முயலக் கூடாது. புதிய ஆண்டுகளிலோ வேறு ஊர்களிலோ சோதிக்க வேண்டும்.

சீஸ்கேலில் இதைச் செய்தார்கள். படம் வந்த பிறகான 1984–90 காலத்தைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் நோய் எதிர்பார்ப்பைவிட அதிகமாகவே இருந்தது. 'எல்லாம் தற்செயல்' என்று கையைக் கழுவ இதனால்தான் முடியவில்லை. பிரிட்டனின் கதிர்வீச்சு மருத்துவ ஆலோசனைக் குழுவான கோமேர் 2016இல் வெளியிட்ட பதினேழாவது அறிக்கை, பிந்தைய ஆண்டுகளில் அங்கே அந்த மிகுதி இல்லை என்று பதிவு செய்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்பவரைத்தான் நான் நம்புவேன்.

அணு மின் நிலையங்களுக்கு அருகே குழந்தைப் புற்றுநோயை ஆராய்ந்த, ஜெர்மனியின் புகழ்பெற்ற கிக் (KiKK) ஆய்விலும் இந்தச் சிக்கல் சிறிது உண்டு. ஐந்து வயதுக்குட்பட்டோர், ஐந்து கிலோமீட்டர் என்ற கேள்வி முந்தைய ஜெர்மன் ஆய்வுகளில் தென்பட்டதிலிருந்து பிறந்தது. அந்த ஆய்வுகள் எடுத்த ஆண்டுகளில் பல இதன் காலத்துக்குள்ளும் வருகின்றன. ஆய்வு வீண் என்று இதற்குப் பொருளில்லை. முற்றிலும் புதிய சோதனை என்று அதைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

எண்ணத் தெரியாமல் எண்ணுவது

ஊர்க்காரர்கள் தரும் பட்டியலில் பெரியவர்களுக்கு வந்த நாள்பட்ட லுகேமியாவும், மூன்று வயதுக் குழந்தைக்கு வந்த கடும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவும், சில நேரம் வேறு புற்றுநோய்களும் கலந்திருக்கும். அவை வெவ்வேறு நோய்கள். நோய்த்திசு அறிக்கையோ எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையோ பார்த்து உறுதி செய்த பிறகே ஒரு பெயர் பட்டியலில் ஏற வேண்டும். மைன்ஸ் நகரில் 1980 முதல் இயங்கும் குழந்தைப் புற்றுநோய்ப் பதிவேடு இல்லையென்றால் ஜெர்மன் ஆய்வு நடந்தே இருக்காது.

முகவரியும் அப்படித்தான். பிறந்த ஊரா, நோய் கண்டபோது இருந்த ஊரா? கருவிலேயே பாதிப்பு தொடங்கியிருக்கலாம் என்று சந்தேகித்தால் இரண்டாவது முகவரி மட்டும் போதாது. கிக் ஆய்வு வீட்டுக்கும் உலைக்கும் உள்ள தூரத்தை ஏறத்தாழ 25 மீட்டர் துல்லியத்தில் அளந்தது, ஆனால் நோய் கண்டறிந்த நாளின் வீட்டிலிருந்துதான். குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்து மற்ற காரணங்களை அறிய எடுத்த முயற்சி தோற்றது. உலைக்கு அருகே வசித்த, நோயில்லாத பிள்ளைகளின் குடும்பங்கள் பதில் தர அவ்வளவாக முன்வரவில்லை.

எல்லா அணு நிலையங்களையும் ஒரே கூடையில் போடுவதும் தவறு. செல்லாஃபீல்டும் ஸ்காட்லாந்தின் டௌன்ரேயும் உலையில் எரித்து முடித்த எரிபொருளை மறுபதப்படுத்திய இடங்கள். அவற்றின் கழிவு வெளியேற்றம் ஒரு சாதாரண மின் நிலையத்தின் வெளியேற்றம் போன்றதில்லை. சீஸ்கேலை எடுத்துக்காட்டி ஏதோ ஒரு மின் நிலையத்தைக் குற்றம் சாட்டுவதும், மின் நிலையங்களின் சுத்தமான புள்ளிவிவரத்தைக் காட்டி சீஸ்கேலை மறைப்பதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள்.

தூரத்தைக் கதிர்வீச்சு என்று வாசிப்பது

2007 டிசம்பரில் வெளியான கிக் ஆய்வு, ஜெர்மனியின் 16 அணு மின் நிலையங்களைச் சுற்றி 1980 முதல் 2003 வரை பார்த்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் வசித்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு லுகேமியா வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. உள்வட்டத்தில் மொத்தம் 37 குழந்தைகள். இந்த முடிவு வலுவானது. எந்த ஒரு நிலையத்தை நீக்கிப் பார்த்தாலும் மறையவில்லை. ஆனால் ஆய்வு அளந்தது தூரத்தை. ஒரு குழந்தையின் உடலுக்கு எவ்வளவு கதிர்வீச்சு போனது என்பதை அது அளக்கவில்லை. அங்கே மதிப்பிடப்படும் அளவோ இயற்கையாக மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் வருவதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

பிரான்சில் 2012இல் வெளியான ஆய்வு இந்த வேறுபாட்டை நன்றாகக் காட்டியது. 2002–07இல் ஐந்து கிலோமீட்டருக்குள் லுகேமியா அங்கேயும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் தூரத்தை விட்டுவிட்டு, காற்றில் வெளியேறும் கதிரியக்கத்தின் மதிப்பீட்டை வைத்துப் பகுதி பிரித்தபோது தொடர்பு தெரியவில்லை.

இன்னும் யோசிக்க வைப்பது 1989இல் பிரிட்டனில் குக்-மோசாஃபாரி குழு செய்த வேலை. உலை கட்டலாம் என்று பரிசீலித்துக் கடைசியில் கட்டாமல் விட்ட இடங்களை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். உலையே இல்லாத அந்த ஊர்களைச் சுற்றியும், உலை உள்ள ஊர்களைப் போலவே, இளையோர் லுகேமியா கொஞ்சம் கூடுதலாக இருந்தது. உலைக்காகத் தேர்வாகும் இடங்களுக்கே ஏதோ பொதுத்தன்மை இருக்கிறது: தொலைவான கடற்கரை, குறைந்த மக்கள், வெளியூரிலிருந்து வந்து குடியேறுபவர்கள். எந்த ஆய்வும் இப்படி ஓர் ஒப்பீட்டு இடத்தை வைத்துக்கொள்ளாமல் தொடங்கக் கூடாது.

'அளவு குறைவு, ஆகவே ஒன்றுமில்லை' என்று கதவை அடைப்பது

இது நிபுணர்கள் செய்யும் தவறு. பிளாக் குழு வேலை செய்தது அதனிடம் கொடுக்கப்பட்ட எண்களை வைத்து. அறிக்கை வந்த பிறகு, 1950களில் செல்லாஃபீல்டிலிருந்து (அன்றைய பெயர் விண்ட்ஸ்கேல்) வெளியான யுரேனியம் ஆக்சைடு துகள்கள் குழுவிடம் சொல்லப்பட்டதைவிடப் பன்மடங்கு என்று தெரியவந்தது. திருத்திய கணக்கிலும் சீஸ்கேல் நோய்க்குக் கதிர்வீச்சு விளக்கமாகவில்லை என்றுதான் 1986இல் கோமேர் சொன்னது. ஆனாலும் மக்களின் நம்பிக்கைக்கு விழுந்த அடி ஆறவில்லை. ஆலை தரும் அளவை மட்டும் நம்பாமல், மண்ணிலும் வீட்டுத் தூசியிலும் தனியாக மாதிரி எடுத்துச் சரிபார்ப்பது முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டும்.

கச்சிதமான ஒரே காரணத்தில் மயங்குவது

1990இல் சௌதாம்டன் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் கார்டனர் ஒரு விளக்கம் தந்தார். கருவுறுவதற்கு முன் தந்தை ஆலையில் மொத்தமாக 100 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு) அல்லது அதற்கு மேல் கதிர்வீச்சு பெற்றிருந்தால், பிள்ளைக்கு லுகேமியா வாய்ப்பு ஆறிலிருந்து எட்டு மடங்கு. எல்லாம் பொருந்துவதுபோல் இருந்தது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் பீதி பரவியது. ஆண்கள் இனிப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்ற கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது.

அந்த முடிவு நின்றதோ நான்கே நான்கு நோயுற்ற குழந்தைகளின் மேல். பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். செல்லாஃபீல்ட் தொழிலாளர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிறந்தது சீஸ்கேலுக்கு வெளியே, கம்ப்ரியா மாவட்டத்தின் மற்ற ஊர்களில். தந்தையின் கதிர்வீச்சுதான் காரணம் என்றால் அங்கேயும் நோய் குவிந்திருக்க வேண்டும், குவியவில்லை. வேறெங்கோ பிறந்து சீஸ்கேலுக்கு வந்த குழந்தைகளுக்கும் நோய் மிகுதியாக இருந்தது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்பிழைத்தவர்களின் பிள்ளைகளிடமும் இப்படி ஒன்று தெரியவில்லை. இந்த விளக்கத்தை நம்பி ஆலை நிறுவனத்தின் மேல் இரு குடும்பங்கள் தொடுத்த வழக்கை 1993இல் லண்டன் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கார்டனரைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. சோதிக்கத்தக்க ஒரு கருத்தைத் தெளிவாக முன்வைத்தார், அதனால்தான் அதைச் சோதிக்க முடிந்தது. சோதனைக்கு முன்பே அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டவர்கள்தான் தவறினார்கள்.

நோய்ப்பரவல் ஆய்வாளர் லியோ கின்லன் முன்வைத்த மாற்று விளக்கம் இது: ஒதுங்கிய கிராமப்புறத்தில் வெளியூர் மக்கள் திடீரெனக் கலக்கும்போது ஏதோ ஒரு தொற்று பரவுகிறது, அதற்கு அரிதாக எழும் எதிர்வினையே குழந்தை லுகேமியா. அணு ஆலையே இல்லாத, ஸ்காட்லாந்தின் கிளென்ராதஸ் புதுநகரில் அவர் அதைச் சோதித்தார். லுகேமியா மிகுதி தென்பட்டது. எனக்கு இதுவே வலுவான விளக்கமாகப் படுகிறது. ஆனால் அந்தக் கிருமி எது என்று இன்றுவரை அடையாளம் காணப்படவில்லை. கதிர்வீச்சுக் கருத்தைக் கேட்ட அதே கறாரோடு இதையும் கேட்க வேண்டும்.

'புள்ளிவிவரப்படி உறுதியில்லை' என்பதை 'இல்லை' என்று மொழிபெயர்ப்பது

2011இல் பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் தத்தம் முடிவுகளை வெளியிட்டன. இரண்டிலும் உறுதியான மிகுதி தென்படவில்லை. 'ஜெர்மனி பொய்த்தது' என்று சிலர் எழுதினார்கள். நோயாளிகள் அவ்வளவு குறைவாக இருக்கும்போது பிழை வரம்பு மிக அகலமாக இருக்கும். சுவிஸ் ஆய்வின் எண்ணுக்குள் 'ஒன்றுமில்லை' என்பதும் அடங்கும், 'இரண்டு மடங்கு' என்பதும் அடங்கும். தலைப்பை விட்டுவிட்டு அந்த வரம்பைப் பாருங்கள்.

குடும்பங்களைக் கடைசியில் நினைப்பது

ஜெர்மனியில் எல்பே ஆற்றின் வட கரையில் க்ருமெல் அணு மின் நிலையம். எதிர்க்கரையில் எல்ப்மார்ஷ் என்ற சிற்றூர்க் கூட்டம். 1989 டிசம்பரிலிருந்து ஓராண்டு சொச்சத்தில் அங்கே ஐந்து குழந்தைகளுக்கு லுகேமியா. பிறகும் நோய் தொடர்ந்தது. இரு கரைகளும் இரு மாநிலங்கள் என்பதால் இரண்டு நிபுணர் குழுக்கள். 2004இல் ஒரு குழுவின் பெரும்பான்மையினர், அதிகாரிகள் ஒத்துழைக்கவில்லை என்று குற்றம் சாட்டிப் பதவி விலகினார்கள். காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த ஊரின் பெற்றோர் சண்டையைத்தான் ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள்.

இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் காரணத்தைக் காட்டாமலே முடிகின்றன. அதைத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். என்ன தேடப்போகிறோம், எப்போது தெரியும், எது தெரியாமலே போகலாம் என்று எழுதியும் கொடுக்கலாம். முடிவைப் பத்திரிகைக்குச் சொல்லும் முன் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

சொல்லும்போது மடங்குக் கணக்கோடு நிறுத்தக் கூடாது. 'இரண்டு மடங்கு' என்று மட்டும் கேட்கும் தாய் அன்றிரவு தூங்க மாட்டாள். இளைய பிள்ளைக்கும் வருமா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியது. ஐரோப்பாவில் ஐந்து வயதுக்குட்பட்ட லட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு ஏழெட்டுப் பேருக்கு லுகேமியா வருகிறது. பிறந்ததிலிருந்து ஐந்து வயது முடியும் வரை சேர்த்தால் லட்சத்துக்கு 35 முதல் 40 வரை. அது இரட்டித்தால் 70 முதல் 80. ஜெர்மனியின் 16 நிலையங்களையும் சேர்த்து 24 ஆண்டுகளில், அருகில் வசித்ததோடு தொடர்புபடுத்தக்கூடிய கூடுதல் லுகேமியா ஏறத்தாழ 20 குழந்தைகளுக்கு. அந்த இருபதில் ஒன்று தன் வீட்டில் இருக்குமானால் இந்த எண்கள் ஆறுதல் தராது. மற்ற வீடுகளில் இருப்பவர்கள், அங்கேயே இருப்பதா, வேறு ஊர் பார்ப்பதா என்று முடிவெடுக்க இவை வேண்டும்.