கன காலம் கிடந்த நைட்ரோ பக்கிய திரும்ப ஓட்டுறது எப்படி

90கள்ல வந்த கியோஷோ இன்ஃபர்னோ மாதிரி 1/8 ஸ்கேல் (உண்மைக் காரிட எட்டில் ஒரு பங்கு) பழைய பக்கி, அதாவது நைட்ரோ பியூவல்ல ஓடுற ரிமோட் கொன்ரோல் கார் ஒண்டு கையில கிடைச்சா, தயவுசெஞ்சு முதல் வேலையா ஸ்டார்டர் கயிற இழுக்காதீங்க. பழைய பியூவல்ல இருந்த கேஸ்டர் ஒயில் உள்ளுக்குள்ள பசையா காஞ்சு கிடக்கும், அதோட இந்த 3.5 சிசி எஞ்சின்ல அலுமினிய பிஸ்டன், குரோம் பூசின பித்தளை ஸ்லீவ் (பிஸ்டன் ஓடுற குழாய்), அந்த ஸ்லீவ் மேல போகப்போக ஒடுங்கும், சூடேறி பித்தளை விரிஞ்சாத்தான் பிஸ்டனுக்கு சரியான இடைவெளி வரும், குளிர்ல பலவந்தமா இழுத்தா பிஸ்டன பிடிச்சிருக்குற கனெக்டிங் ரொட் போயிரும்.

முதல்ல டேங்க்ல கிடக்குற பழைய பியூவல முழுசா ஊத்திருங்க. மறுகா ஹெட்ல (எஞ்சின்ட மேல்மூடி) இருக்குற, பியூவல பத்தவைக்குற குளோ பிளக்க கழட்டி அந்த ஓட்டைக்குள்ள மெல்லிய ஒயில் கொஞ்சம் விட்டு, ஹெட்ட ஹெயர் ட்ரையரால கை வைக்க ஏலாத அளவுக்கு சூடாக்கி, ஃபிளைவீல கையால மெல்ல மெல்ல சுத்துங்க. முதல்ல அசையாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமா இளகும், அவசரப்படவே வேணாம்.

இது பெற்றோல் எஞ்சின் இல்ல. மெத்தனோல், நைட்ரோமீத்தேன், ஒயில் கலந்த பியூவல்தான் வேணும், ஸ்பார்க்கும் இல்ல, பிளக்ல இருக்குற பிளாட்டினம் கம்பி மெத்தனோலோட சேந்து தானா சிவந்துகொண்டே இருக்கும். நம்மட காத்துல ஈரம் கூட, மெத்தனோல் அத இழுத்துக்கும், அதால மூடி திறந்து கன நாள் வச்ச போத்தல நம்பாதீங்க. மெத்தனோல் நெருப்பு பகல்ல கண்ணுக்கே தெரியாது, சின்னப் பிள்ளையள கிட்ட விடாதீங்க.

ஸ்டார்ட் பண்ண முந்தி ரிசீவர் பெற்றரி, பிரேக், காபரேட்டர் சரியா மூடுதா எண்டு பாருங்க, சிக்னல் விட்டுப்போன பக்கி நேரா ஆக்கள்ர காலுக்குத்தான் வரும்.

ட்யூனிங்தான் இதுல முக்கியம். காபரேட்டர்ல பியூவல் அளவ கூட்டிக் குறைக்குற ஹை ஸ்பீட் நீடில இடப்பக்கம் திருப்பி பியூவல் கூடப் போற மாதிரி வச்சு தொடங்குங்க, ஓடக்குள்ள புகை தெரியணும். ஹெட்ல ஒரு சொட்டு தண்ணி விட்டா சில செக்கன் கொதிச்சு போனா நல்லம், பட்ட உடனே துள்ளி மறைஞ்சா சூடு கூட, உடனே நிப்பாட்டி நீடில திறங்க. மத்தியானச் சூட்டுல செட் பண்ணினத விடியக்காலைக் குளிர்ல அப்படியே ஓட்டக்கூடாது, குளிர் காத்துல ஒட்சிசன் கூட, அப்ப பியூவல் காணாம போகும்.

மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரை மணல்ல ஓட்ட ஆசையாத்தான் இருக்கும், நான் வேணாம் எண்டுதான் சொல்லுவன். உப்பு பெயரிங்க தின்னும், பொடி மணல் ஸ்லீவ கீறும், கீறினா கம்ப்ரஷன் போச்சு. வெள்ளாமை வெட்டிக் காஞ்ச வயல் எவ்வளவோ மேல், அங்கயும் எயார் ஃபில்டர் ஸ்பொஞ்ச கழுவி ஃபில்டர் ஒயில் பிசைஞ்சுதான் போடணும். ஓட்டி முடிய டேங்க்ல ஒரு சொட்டும் விடாம எரிச்சு முடிச்சு, பிளக் ஓட்டையாலயும் காபரேட்டராலயும் ஆஃப்டர் ரன் ஒயில் (ஓட்டி முடிய எஞ்சின் துருப்பிடிக்காம விடுற ஒயில்) விட்டு சுத்தி, பிஸ்டன அடிப்பக்கம் இறக்கி வைங்க.