ஸ்பீச் தெரபி ஆரம்பிக்கிறீர்களா? முதல் சில வாரங்கள் இப்படித்தான் இருக்கும்

என் மகனுக்கு இரண்டரை வயதில் ஸ்பீச் தெரபி தொடங்கினோம். இப்போது நாலு வயது, வாயை மூடுவதே இல்லை. போகலாமா வேண்டாமா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் ஒருமுறை காட்டிவிடுங்கள், அவ்வளவுதான். போன பிறகு நாங்கள் எங்கே சறுக்கினோம் என்பதுதான் இந்தப் பதிவு.

படி 1: முதலில் காது

பேச்சுக்காகப் போனால் காதைப் பார்க்கச் சொன்னார்கள். கூப்பிட்டால் திரும்புகிறானே, எதற்கு என்று எனக்கு எரிச்சல். ஆனால் நடுக்காதில் நீர் கோத்திருந்தால் கதவு சாத்தும் சத்தம் கேட்கும், பேச்சு மட்டும் மங்கலாகக் கேட்கும். சிறு குழந்தைகளுக்கான சில சோதனைகளில் பிள்ளை பதிலே சொல்ல வேண்டாம், கருவியே அளந்துவிடும். பெரா டெஸ்ட் (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் பதிலை அளப்பது) என்றால் பெரும்பாலும் தூக்கத்தில்தான் எடுப்பார்கள். அதனால் மதியத் தூக்க நேரத்தை ஒட்டி நேரம் வாங்குங்கள்.

படி 2: முதல் சந்திப்பு

பிரசவத்திலிருந்து வீட்டில் யார் எந்த மொழி பேசுகிறார்கள் என்பது வரை கேள்விகள் வரும். பிள்ளைக்கு எவ்வளவு புரிகிறது, எவ்வளவு சொல்கிறான் என்பதைத் தனித்தனியாகப் பார்ப்பார்கள். வாய், நாக்கு அசைவையும் பார்ப்பார்கள்.

போகும்போது இரண்டு விஷயம் கையில் இருக்கட்டும். ஒன்று, வீட்டில் அவன் விளையாடும்போது எடுத்த ஓரிரு நிமிட வீடியோ. புது இடத்தில் பிள்ளைகள் கல்லாய் உட்கார்ந்துவிடும். இன்னொன்று, அவன் சொல்லும் சொற்களின் பட்டியல். நான் ‘சரியாக’ச் சொன்னவற்றை மட்டும் எழுதிக்கொண்டு போனேன். ஆறே ஆறு. தண்ணீருக்கு எப்போதும் ‘ண்ணி’ என்கிறானா, பூனையைப் பார்த்தால் ‘மியா’ என்கிறானா, அவையும் சொற்கள்தான் என்றார் தெரபிஸ்ட். திரும்ப எண்ணினால் பதினைந்தைத் தாண்டியது.

இதற்கெல்லாம் ஆப் வேண்டாம். ஃபிரிட்ஜில் ஒட்டிய ஒரு தாள் போதும், வீட்டில் எல்லோரும் எழுதுவார்கள்.

படி 3: செஷன்

பெரும்பாலும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் விளையாட்டு. தெரபிஸ்ட் சோப்புக் குமிழி ஊதுகிறார், நிறுத்துகிறார், பாட்டிலை மூடி இறுக்கி அவன் கையில் கொடுக்கிறார், சும்மா இருக்கிறார். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைத்தேன். அந்த ‘சும்மா’வில்தான் விஷயமே இருந்தது. திறக்க முடியாமல் அவன் அவரைப் பார்க்கிறான், பாட்டிலை நீட்டுகிறான், ஒரு சத்தம் எழுப்புகிறான். கேட்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

முடிந்தால் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். வாரத்துக்கு ஓரிரு மணி நேரம்தான் அவர் கையில், மிச்சமெல்லாம் நம் கையில்.

படி 4: வீட்டுப் பயிற்சி (நான் விழுந்த இடம்)

எனக்குத் தெரிந்த பயிற்சி, “இது என்ன? சொல்லு. பந்து சொல்லு. சொன்னாத்தான் தருவேன்.” பத்து நாளில் பந்தைக் கண்டாலே எழுந்து ஓட ஆரம்பித்தான். தெரபிஸ்ட் என் வீடியோவைப் பார்த்துவிட்டு, “ஒரு நிமிஷத்துல எத்தனை கேள்வி கேட்டீங்கன்னு எண்ணுங்க” என்றார். பதினாலு! பரீட்சை நடத்தியிருக்கிறேன்.

மாற்றிக்கொண்டது இப்படி. கேள்வியை விட்டுவிட்டு, நடப்பதை நானே சொன்னேன்: “பந்து உருளுது.” அவன் “பந்து” என்றால் ஒரு சொல் கூட்டி “பெரிய பந்து” என்றேன், திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. இரண்டு பொருளைக் காட்டி “சிவப்பா, நீலமா?” என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணினேன். எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். எனக்கு நாலிலேயே வாய் நமநமக்கும். மூன்றாவது நாள், எட்டு எண்ணும்போது “நீ... லம்” வந்தது.

தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டாம். குளியல், சாப்பாடு, செருப்பு மாட்டுவது, இதிலேயே நடக்கும். பேட்டரி போட்டால் தானாகப் பாடும் பொம்மைகளை நான் பரணில் ஏற்றிவிட்டேன். அவை பேசினால் பிள்ளை ஏன் பேச வேண்டும்? மரக்கட்டைகளே மேல்.

படி 5: எத்தனை நாளாகும்?

யாரும் தேதி சொல்ல மாட்டார்கள், சொன்னால் நம்பாதீர்கள். சொற்களுக்கு முன்னால் பார்வையும் கைகாட்டலும் கூடும். அதையும் தாளில் எழுதுங்கள்.

பிறகு சேர்த்தது: பலர் கேட்டது, வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் குழம்பிப் போகுமா? போகாது. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியிலேயே பேசுங்கள். படம் காட்டியோ சைகையாலோ கேட்கப் பழக்கினால் பேச்சு நின்றுவிடும் என்று என் அம்மாவும் பயந்தார். அதுவும் இல்லை, பெரும்பாலும் பேச்சுக்குக் கைகொடுக்கவே செய்யும்.

இன்னொன்று. ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் காணாமல் போனால் அடுத்த செஷன் வரை காத்திருக்காதீர்கள். உடனே குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.