ரீயூனியனில் இறங்கியதும் வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு ரீயூனியன். அதன் ரோலான் காரோஸ் விமான நிலையத்தின் வாடகைக் கார் கவுண்டரில் நம்மவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் கார்டு விஷயத்தில்தான். மொழிப் பிரச்சினையைக் கையைக் காட்டிச் சமாளித்துவிடலாம்; கார்டு இல்லையென்றால் சாவி கிடைக்காது.

வாடகைப் பணம் முன்பே கட்டியிருந்தாலும், பிணைத்தொகை என்று ஒரு பெரிய தொகையைக் கார்டில் நிறுத்திவைப்பார்கள். அது கிரெடிட் கார்டாக இருக்க வேண்டும், ஓட்டப்போகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனை. மச்சான் கார்டைக் கொடுத்து அனுப்பினார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி, புதிய கார்டுகள் வெளிநாட்டுப் பயன்பாடு மூடிய நிலையில்தான் கைக்கு வருகின்றன. விமானம் ஏறும் முன்பே வங்கி ஆப்பில் அதைத் திறந்து, வரம்பையும் உயர்த்திவிடுங்கள். கார்டின் ரகசிய பின் (PIN) எண் மனப்பாடமாக இருக்கட்டும்; இங்கே வந்து ஓடிபிக்காகக் காத்திருந்தால், ரோமிங் இல்லாத சிம்முக்கு அது வரவே வராது.

ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஆர்டிஓவில் வாங்கி வாருங்கள். குடியேறவே வந்தவர்களுக்கு வெளிநாட்டு லைசென்ஸ் ஓராண்டுக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு பிரெஞ்சு லைசென்ஸ் வேண்டும். பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு வருபவர்கள், பாஸ்போர்ட் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதானாலும் உங்கள் லைசென்ஸ் இந்திய லைசென்ஸ்தான்.

கவுண்டரில் இருப்பவரின் பெயர் அட்டையில் ராமசாமி என்றோ முத்துசாமி என்றோ இருக்கும். உடனே தமிழில் ஆரம்பித்துவிடாதீர்கள். முன்னோர் தமிழர்களானாலும், நான்கைந்து தலைமுறையாக இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசுகிறவர்கள். வணக்கம் சொன்னால் சந்தோஷப்படுவார்கள், பிறகு பேச்சு பிரெஞ்சுக்குப் போய்விடும். காப்பீட்டில் அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இதில் அடங்குமா? பல ஒப்பந்தங்களில் அடங்காது. எரிமலைக்குப் போகும் வழியில் ப்ளேன் தே சாப்ல் மண்பாதையில் அடி வாங்குவதோ அடிப்பாகமும் டயரும்தான். வண்டியை எடுக்கும்போதே நான்கு பக்கமும் சக்கரங்களையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு இருக்கையை முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பின்னால், தங்களுக்கேற்ற இருக்கையில் உட்கார வேண்டும் என்பது சட்டம். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்பது இங்கே நடக்காது.

இனிதான் உண்மையான வேலை. தமிழ்நாடு, இலங்கை, பக்கத்து மொரீஷியஸ் எல்லாம் இடப்பக்கம் ஓட்டும் ஊர்கள், ரீயூனியன் வலப்பக்கம். நேர்சாலையில் முன்னால் போகிறவரைப் பார்த்து ஓட்டிவிடலாம். ஆபத்து, காலியான தெருவிலும் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியேறும்போதும்தான். அப்போது கை பழைய பக்கத்துக்கே போகும். ரவுண்டானாவை வலப்புறமாக நுழைந்து சுற்ற வேண்டும், உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். இண்டிகேட்டர் போட நினைத்து வைப்பரை ஆட்டுவது எல்லோருக்கும் நடப்பது. சுள்ளென்ற வெயிலில் வைப்பர் ஆடும் வண்டியைக் கண்டால் நம் ஆள் என்று தெரிந்துகொள்ளலாம். இங்கே கியர் வண்டிகள் அதிகம். வலக்கையால் கியர் மாற்றப் பழகாதவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் ஆட்டோமேட்டிக்கை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். என்னைக் கேட்டால், இரவு விமானத்தில் வருபவர்கள் அன்றைக்கு டாக்ஸியில் போய்விட்டு மறுநாள் வெளிச்சத்தில் வண்டியை எடுப்பதே நல்லது.

முதல் ஓட்டத்துக்கு சான் அந்த்ரே ஊரிலுள்ள தமிழ்க் கோவிலுக்குப் போய்வாருங்கள். கிழக்கே அகலமான சாலை, சுங்கச்சாவடி கிடையாது. சிலாவோஸ் மலைச்சாலைக்கு அவசரப்படாதீர்கள். நானூறு வளைவு என்று பெயர் எடுத்த சாலை அது. குறுகிய சுரங்கங்களில் எதிரே பஸ் வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். தலைநகர் சான் தெனியிலிருந்து மேற்கே போகும் கடலோரச் சாலையில் 2022இல் சுமார் 5.4 கிலோமீட்டர் கடல்பாலம் திறந்தார்கள். பாலத்தைத் தாண்டிய பகுதி மலையடியிலேயே போகிறது, கனமழையில் கல் விழும் என்று வழிகளை மூடுவார்கள்.

மழைக்காலத்தில் வந்தால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடை சாலையைக் கடந்து ஓடும் தாழ்வான இடங்களை இங்கே ரதியே என்பார்கள். தண்ணீர் ஓடினால் முழங்கால் அளவுதானே என்று இறங்காதீர்கள்; கார் அடித்துக்கொண்டு போகும். புயல் எச்சரிக்கை சிவப்பானால் யாரும் வெளியே வரக்கூடாது, வாடகை நாள் முடிகிறது என்பது சாக்காகாது. அதற்கும் மேலே ஊதா எச்சரிக்கை உண்டு. 2024 ஜனவரியில் பெலால் புயலுக்கு அதைத்தான் அறிவித்தார்கள்.

பெட்ரோல் விலையை மாதாமாதம் அரசே நிர்ணயிக்கிறது, தீவு முழுக்க ஒரே விலை; மலிவான பங்கைத் தேடி அலைய வேண்டாம். ஊற்றுவதற்கு ஆள் இருப்பார். காஸோல் என்றால் டீசல், அதைப் பெட்ரோல் என்று நினைத்துக் கேட்டுவிடாதீர்கள். பெட்ரோல் வண்டிக்கு சான் ப்ளோம் என்று சொல்ல வேண்டும். எது வேண்டும் என்பது டேங்க் மூடியில் எழுதியிருக்கும், சந்தேகமென்றால் அதையே காட்டுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் வேலைநாள் காலையாக இருந்தால், கிழக்கிலிருந்து சான் தெனி நோக்கிய சாலை நெரிசலில் நகராது. டேங்க்கை முந்தின நாள் மாலையே நிரப்பிவிட்டு, விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள்.